ஹெட்விக்கின் சுவெற்றர்

உடுப்பில் பெயர்த்துண்டை ஒட்டும் சூட்டு மெசினை மூடித் திறந்தால் துணி இலேசாகக் கருகும் வாசனை வரும். சுவிஸின் ஊஸ்டர் நகர முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நீயும் நானும் பதினொரு வருடம் அந்த வாசனைக்குள் நின்றோம். நான் இன்னும் நிற்கிறேன். நேற்று, புதிதாக வந்த ஒருவரின் காற்சட்டைகளுக்குப் பெயர் ஒட்டும்போது பக்கத்தில் ஒரு கடிதம் கிடந்தது. மலாவியில் நீ வேலை செய்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்திலிருந்து வந்தது. நீ இறந்து ஒரு வருடமாகிறது. எழுதியவள் நீ வளர்த்த பெண். வயது பதினேழாம். பெயர் ஹெட்விக்.

மலாவிப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்த கதை உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

2009இன் தொடக்கம். இரண்டாம் மாடியில் இருந்த ஹெட்விக் என்ற மூதாட்டியின் நீலச் சுவெற்றரை நான் காயவைக்கும் மெசினில் போட்டுவிட்டேன். கம்பளியைக் கையால் அலசி, துவாயில் விரித்துத்தான் காயவிட வேண்டும். அன்று காலையிலிருந்து வன்னிப் போர்ச் செய்தி கேட்டபடி நின்றேன். கை தன் பாட்டில் வேலை செய்தது. வெளியே எடுத்தபோது அது நாலு வயதுப் பிள்ளைக்கு அளவாகியிருந்தது. கழுத்தில் ஒட்டிய பெயர்த்துண்டில் குடும்பப் பெயர் சுருக்கத்துக்குள் போய்விட்டது. ஹெட்விக் என்பது மட்டும் தெரிந்தது.

மூலையில் உங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை மலாவிக்கு உடுப்பு அனுப்பும் பெட்டி இருந்தது. இறந்தவர்களின் உடுப்புகளைக் குடும்பத்தார் வேண்டாமென்றால், நீ பெயர்த்துண்டை ஆவியில் இளக்கிப் பிய்த்துவிட்டு அதற்குள் போடுவாய். நான் சுவெற்றரைத் துண்டோடு அடியில் திணித்தேன். நீ பார்த்துவிட்டாய்.

“மனிசி இன்னும் உயிரோட இருக்குது, மச்சான்.”

“ஆப்பிரிக்காவில ஆருக்குக் கம்பளி? அது எப்பிடியும் அடியிலதான் கிடக்கும்.”

“மலைக்கு மேல குளிரும். நீ போய் மனிசியிட்டைச் சொல்லு. கடிச்சோ போடும்?”

“பௌதிகம் படிச்சவன் ஒரு சுவெற்றருக்கு மன்னிப்புக் கேக்கிறதோ?”

“பௌதிகம் படிச்சவனுக்குக் கம்பளி சுருங்குமெண்டு தெரியாதோ?”

நான் மூதாட்டியிடம் போகவில்லை. சொல்லவும் இல்லை. மூதாட்டி நாள்தோறும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு சலவை அறை வாசலுக்கு வந்து சுவெற்றர் எங்கே என்று கேட்டா. தேடுகிறோம் என்றேன்.

மே மாதம் எல்லாம் முடிந்தது. என் தங்கையும் கணவரும் இல்லை. அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அந்த வாரம்தான் நீ மலாவிக்குப் போகிறேன், இனி அங்கேதான் என்றாய்.

“எங்கட பிள்ளையள் முகாமில கிடக்க, நீ வேற ஊர்ப் பிள்ளையளை வளர்க்கப் போறாய். உன்ர கர்த்தருக்கு வன்னி கண்ணில தெரியேல்லையோ?”

நீ மெசினை அணைத்தாய். “எனக்குப் போகேலுமான இடத்துக்குத்தான் மச்சான் நான் போகலாம்.”

உன்னிடம் இருந்தது அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகம். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடி, இலங்கையைத் தவிர. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன். நீ புறப்பட்ட அன்று நான் விமான நிலையத்துக்கும் வரவில்லை.

அந்த டிசம்பர் நத்தாருக்கு உன் கடிதம் வந்தது. பெயர் தெரியாத ஒரு சின்னவளை யாரோ வாசலில் விட்டுப் போனார்களாம். “பெட்டிக்குள்ள கிடந்த உன்ர சுவெற்றர் அவளுக்கு அளவு. கழுத்தில கிடந்த பேரையே வைச்சாச்சு. நீ பிய்க்காமல் விட்டது நல்லது.” குத்திக் காட்டுகிறாய் என்று எடுத்தேன். பதில் போடவில்லை. கோபங்களைப் பத்திரப்படுத்துவதில் நான் கெட்டிக்காரன்.

இப்போது அவள் எழுதியிருக்கிறாள். ‘எனக்குப் பெயர் தந்தவர் சுவிஸில் இருப்பதாக அங்கிள் சொன்னார். முதல் ஹெட்விக் எப்படிப்பட்டவர்? என்னைப் பற்றி அவருக்குத் தெரியுமா?’

அந்த மனிசியின் உடுப்பளவு தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது. அதுவே என்னை உறுத்தியது. இந்த வருடம் ஓய்வு பெறவிருக்கும் இரண்டாம் மாடித் தாதியிடம் போய் விசாரித்தேன்.

“உன் நண்பன் வியாழக்கிழமைகளில் அவவோடு இருந்து காப்பி குடிப்பானே, தெரியாதா?” என்றா.

தெரியாது. ஹெட்விக் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாம். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் அப்படிப்பட்ட பிள்ளைகளை ஊராட்சியே பண்ணைகளுக்கு வேலைக்குக் கொடுத்துவிடும். பண்ணைக்காரரின் பிள்ளைகள் கழித்த உடுப்புகளோடு வளர்ந்தவ. நீலச் சுவெற்றர் அவ தனக்கென்று பின்னியது.

“மலாவியிலிருந்து உன் நண்பன் அந்தச் சின்னவளின் படத்தை அவவுக்கு அனுப்பினான். அதற்குப் பிறகு சுவெற்றரைத் தேடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் படத்தைக் காட்டி, இது என் சுவெற்றர், இது என் பெயர் என்பா.”

ஆனால் அதற்குப் பிறகும் இரண்டு வருடம், இறக்கும்வரை, எங்கள் வாசலுக்கு வந்து நின்றாவே, ஏன் என்று கேட்டேன்.

தாதி என்னை ஏற இறங்கப் பார்த்தா. “காயவைக்கும் மெசினில் நிற்பது யார் என்று அவவுக்குத் தெரியாதா? நீயாக வந்து சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தா.”

நேற்றிலிருந்து ஒன்றையே யோசிக்கிறேன். முகாம் பிள்ளைகளைச் சொல்லி நான் உன்னைக் குத்திய அன்று நீ என்னை ஒரு வசனத்தால் வாயடைத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருடமும் விளங்கவில்லை. நீயும் அந்த மனிசியைப் போல வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயா?

இன்று சின்ன ஹெட்விக்குக்குப் பதில் எழுதினேன். பெயர் தந்தவன் என்று நான் போட்டுக்கொள்ளவில்லை. சுவெற்றரைச் சுருக்கி ஒளித்தவன் என்று தொடங்கினேன். மூதாட்டி அவளை அறிந்திருந்தா என்றும் எழுதினேன்.

மற்றது, உனக்குச் சொல்ல வேண்டியது. தங்கையின் பிள்ளைகளை அவளுடைய மச்சாள் வளர்த்தா. அந்த மே மாதம் என் அலுமாரிக்குள், நீயும் பார்த்திருந்த சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தது, மச்சான். அதில் எந்த நாடும் விலக்கப்படவில்லை. நான் போகவில்லை.