அரசி திறக்காத கதவு

என் வீட்டுக்காரம்மாவுக்கு,

நீ சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன், நெத்தியில மட்டும் தையல் போட்டிருக்கு.

எல்லாம் நம்ம டிராகன் சீரியலாலதான். அரசியோட புருஷன் போர்லேர்ந்து திரும்பி வந்து கோட்டைக் கதவைத் தட்டுறான். பின்னாடியே டிராகன். ஊரைக் காப்பாத்தணும்னு அரசி திறக்கவே இல்ல. வாசல்லயே எரிஞ்சு கரிக்கட்டையாயிட்டான்.

"அவ செஞ்சது சரிதான்"னாரு இங்க கம்பெனி ரூம்ல என்கூடத் தங்கியிருக்குற டிரைவர். வருஷக்கணக்கா ஊருக்குப் போகாத வெல்டர், "எவன்டா சரின்னது?"ன்னு இஸ்திரிப்பெட்டியால அவர் வாயிலயே போட்டாரு. பல்லும் ரத்தமும் தெறிச்சுது. விலக்கப்போன எனக்கு அடுத்த அடி. டிவியும் சுக்குநூறு, டிராகன் செத்துது.

அரசி அப்புறம் அழுதாளான்னு பார்த்து எழுது. வேலைக்கு வண்டி வந்துருச்சு. நம்ம வாசக்கதவுத் தாழ்ப்பாள் இறுகிக் கிடக்குதுன்னியே, மறக்காம எண்ணெய் விட்டு வை.