கோளாறு என்று எழுதாதே

ஜூன் 4

புரதக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலம்தான் என்று தெரியும். நேற்றுப் பாப்பா போனில் உங்களோடு பேசிச் சிரித்தது சமையலறை வரை கேட்டது. நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். எழுதினால் தபால்பெட்டி வரை நடக்க வேண்டும், அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிரிந்திருக்கிற இந்த நாலு வருஷத்தில் நீங்கள் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த திங்கள் நம் பெண் உங்கள் ஊர்க் கல்லூரியில் இரண்டாம் வருஷம் சேர்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் ஹாஸ்டல், சனி ஞாயிறு உங்கள் வீடு. பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக முடியாது, தெரியும். ஆனால் மார்ச் மாதம் அவள் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நீங்கள் இரண்டு முறை வந்து பார்த்தீர்கள். நான் தினமும் பார்த்தேன். எட்டு நாள் தூக்கமில்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றவளை இறக்கியதும் நான்தான்.

இத்துடன் மூன்று காகிதம். டாக்டரின் மருந்துச் சீட்டு. ரத்தப் பரிசோதனைத் தேதிகள். கல்லூரி மருத்துவ அறைக்குக் கொடுக்க வேண்டிய படிவம். படிவத்தில், "இருமுனைக் கோளாறு. மாத்திரை நிற்கக் கூடாது. இரண்டு நாள் தூங்காவிட்டால் உடனே பெற்றோருக்குச் சொல்லவும்" என்று நானே எழுதியிருக்கிறேன். உள்ளூர்ப் பொறுப்பாளர் நீங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்.

மாத்திரையால் அவளுக்குக் கை நடுங்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பாள். கொஞ்சம் மந்தமாக இருப்பாள். பார்த்தால் உங்களுக்கு மனசு இளகும். இளகட்டும். மாத்திரையில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா


ஜூன் 20

டாக்டரம்மாவுக்கு,

"நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர்" என்று நீ திருத்துவாய். இருந்தாலும் உன் கடிதத்தைப் படித்ததும் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்கத் தோன்றியது.

பாப்பா வந்து சேர்ந்தாள். ஹாஸ்டலில் ஜன்னலோரக் கட்டில். அறைத்தோழி ஒருத்தி, வாய் திறந்தால் காது கிழியும், ஆனால் நல்ல மனசு. முதல் சனிக்கிழமை வீட்டில் தோசைக்கரண்டியைக்கூட நேராகப் பிடிக்க முடியவில்லை இவளால். படம் வரைகிற கை அது. கிளாஸைப் பிடித்தால் தண்ணீர் தளும்புகிறது. "அப்பா, எனக்குள்ள யாரோ வால்யூமைக் குறைச்சு வெச்சுட்டாங்கப்பா" என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தேன். நீ நம்பமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அவளை லேபுக்குக் கூட்டிப்போனேன். பதினைந்து வருஷமாக நான் கட்டிக்கொண்டு அழுகிற புரதத்தைக் காட்டினேன். மற்ற புரதமெல்லாம் மடிந்து மடிந்து ஒரு உருவத்துக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். இது மடியாது. எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரியானவற்றை ஒரு காலத்தில் குப்பை என்று ஒதுக்கினோம். பிறகுதான் தெரிந்தது, உருவம் இல்லாததால்தான் அது பத்துப் பேரோடு கைகோக்கிறது, ஆள் கிடைத்தால் அந்த ஆளுக்கேற்ப மடிகிறது. எங்கள் துறையில் இதற்குப் பெயர் ஒழுங்கின்மை. அது வியாதி இல்லை, அதன் சுபாவம்.

திரையில் அந்தப் புரதம் ஒரு கோடாக நெளிவதைப் பாப்பா பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா, இது நான்தான்" என்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்த வெளிச்சம்!

ஒன்று செய்தேன். கோபப்படாதே. ஃபேனில் கோளாறு என்கிறோம், வண்டியில் கோளாறு என்கிறோம். கோளாறு என்றால் பழுது. என் பெண் பழுதான ஃபேனா? உன் படிவத்தை அவளும் படித்தாள். "கோளாறுன்னு எழுதாதீங்கப்பா, ப்ளீஸ்" என்றாள். புதுப் படிவம் வாங்கி, அந்த இடத்தில் 'ஒழுங்கின்மை' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாத்திரை வரியையும் தூக்கத்தைக் கணக்கெடுக்கிற வரியையும் விட்டுவிட்டேன். அவள் கைதி இல்லையே.

பாப்பாவின் அப்பா


ஜூன் 26

புரதக்காரருக்கு,

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் முயலையே மாற்றி எழுதிவிட்டீர்கள்.

தபால்பெட்டி வரைக்கும் இரண்டு முறை நடந்துவிட்டேன். ஆறவில்லை.

கோளாறு என்பது அவள் தலையில் கட்டிய பட்டம் இல்லை. என் நாற்காலிக்கு எதிரே ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்து உட்காருகிறார்கள். பத்துப் பேரும் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "எனக்கு என்ன ஆச்சு?" ஒரு பெயர் சொன்னதும் பாதிப் பேருக்கு மூச்சு வருகிறது. அடுத்த ஊரில் இருக்கிற டாக்டர், ஆம்புலன்ஸில் வருகிறவர், முன்பின் பார்க்காத ஒரு நர்ஸ், எல்லோரும் ஒரே விஷயத்தைப் புரிந்துகொள்ளத்தான் அந்தப் பெயர். உங்கள் வார்த்தை உங்கள் லேபுக்கு வெளியே யாருக்கு என்ன சொல்லும்?

இன்னொன்றும் கேட்கிறேன். செல்லுக்குள் அந்தப் புரதம் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கிறதா? கேட்பாரில்லையா அதற்கு? எனக்கு உயிரியல் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

திங்கட்கிழமை போய்ப் படிவத்தை மாற்றுங்கள். நான் எழுதிய மூன்று வரியும் உங்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

பாப்பாவின் அம்மா


ஜூலை 9

டாக்டரம்மாவுக்கு,

சரி, மாற்றுகிறேன். இந்த வாரம் ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு வாய்மொழித் தேர்வு. போன வாரம் கல்லூரி அலுவலகத்தில் ஆள் இல்லை. அடுத்த வாரம் கண்டிப்பாகப் போகிறேன்.

நீ கேட்ட உயிரியல் கேள்விக்கு ஒரு கடிதத்தில் பதில் எழுத முடியாது. அது வேறு அத்தியாயம்.

இப்போது நல்ல செய்தி. பாப்பா மறுபடி வரைகிறாள்! சனிக்கிழமை வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள். நான் காட்டிய புரதத்தையே நாற்பது விதமாக வரைந்திருக்கிறாள். கோடு கொஞ்சமும் நடுங்கவில்லை. என்ன என்று கேட்டேன். மாத்திரையைப் பாதியாக்கிவிட்டாளாம். திட்டத்தான் வாயைத் திறந்தேன். "நீங்கதானேப்பா சொன்னீங்க, ஒழுங்கில்லாததுதான் வேலை செய்யுதுன்னு" என்றாள். சொன்னது நான்தானே, திட்டவில்லை.

பயப்படாதே. இருபத்தெட்டாம் தேதி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவரே அளவைச் சரிசெய்யட்டும். அவள் சிரிக்கிறாள். ஒரு தடவை நீயும் அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்கு இவ்வளவு கோபமாக எழுதமாட்டாய்.

பாப்பாவின் அப்பா


ஜூலை 15

அந்தச் சிரிப்பை நான் மார்ச் மாதமே கேட்டுவிட்டேன்.

இருபத்தெட்டு வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கூட்டிப்போங்கள். முழு மாத்திரை. நேற்று அவளே என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்காமல் ஒரு மணி நேரம் பேசினாள். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்டதும் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. உங்களிடம் எடுப்பாள்.

படிவத்தை மாற்றிவிட்டீர்களா, இல்லையா? மாற்றிவிட்டு எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 11

உனக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அடக்கத்தன்று நீ என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை. பதினெட்டு நாள் ஆகிறது. நடந்தது எல்லாம் உனக்குத் தெரிய வேண்டும். போலீஸ்காரர் சொன்னது பாதிதான்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போனேன். அந்த வாரம் அவள் ஐந்து நாள் தூங்கவில்லை. மாத்திரை ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அட்டைகள் அப்படியே தலையணை உறைக்குள் இருந்தன. ஹாஸ்டல் சுவரெல்லாம் வரைந்திருக்கிறாள். பயந்துபோன அறைத்தோழி வியாழக்கிழமை காலை மருத்துவ அறைக்கு ஓடியிருக்கிறாள். "மேடம், அவ ஒரு மாதிரியா இருக்கா, தூங்கவே மாட்டேங்கிறா, சுவத்துல எல்லாம் கிறுக்குறா" என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் சரியாகத்தான் செய்திருக்கிறார். கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

அதில் என் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. ஒழுங்கின்மை.

நர்ஸ் என் எதிரே நின்றுகொண்டு அழுதார். "சார், அப்பாவே ஒழுங்கின்மைன்னு எழுதிக் குடுத்திருக்காரே, வீட்டுலயும் அடங்காத பொண்ணு போலன்னு நெனச்சேன் சார். இது நம்ம வேலை இல்லன்னு வார்டன்கிட்ட அனுப்பிட்டேன்" என்றார். அவரை என்ன சொல்வது? பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் ஒழுங்கு ஒழுங்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாமெல்லாம். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதே அர்த்தம்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு மட்டும் அது தோன்றவில்லை.

வார்டன் சுவரைப் பார்த்தார். திட்டினார். ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, அப்பாவின் கையெழுத்தோடு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று அனுப்பிவிட்டார். பாப்பா அதை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனாளாம். என் லேபுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். பட்டப்பகல். பெரிய சாலையின் ஓரத்தில் இல்லை, நடுவில் நடந்திருக்கிறாள். வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டே. இரண்டு வண்டி நின்றிருக்கிறது. லாரிக்காரரால் முடியவில்லை.

அந்தக் கடிதத்தைப் போலீஸ் என்னிடம் கொடுத்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

இனி நீ கேட்ட கேள்விக்குப் பதில். உனக்கு உயிரியல் தெரியாது என்று எழுதினாய். ஆனால் எங்கே கை வைக்க வேண்டுமோ அங்கேதான் வைத்தாய். அந்தப் புரதத்துக்குக் காவல் உண்டு. செல் அதைக் கொஞ்சமாகத்தான் செய்யும். வேலை முடிந்ததும் உடைத்துவிடும். ஒரு நிமிஷம்கூடக் கேட்பாரற்று விடாது. காவல் தளர்ந்தால் அதே புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, செல்லையே கொன்றுவிடும். இதைக் கண்டுபிடித்தது யாரோ இல்லை. என் லேப்தான். இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

பாப்பாவிடம் நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மறந்து விட்டுவிடவில்லை. அடுத்த படம் திரையில் தயாராக இருந்தது, அவள் "இது நான்தான்" என்றதும் நான் கணினியை அணைத்துவிட்டேன். அடுத்த படத்தைக் காட்டினால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வாரம் அவளை வைத்துக் காப்பாற்றியவள் நீ. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவளுக்கு நான் வேண்டியவனாக இருக்க ஆசைப்பட்டேன்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நீ எழுதியது சரி. நான் செய்தது தப்பு. படிவத்தை மாற்றப் போகவும் இல்லை, உன் கடைசிக் கடிதம் வந்த பிறகும் இருபத்தெட்டு வரை பொறுக்கலாம் என்று இருந்துவிட்டேன். அலுவலகத்தில் ஆள் இல்லை என்றது பொய்.

லேபுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அவளுடைய அப்பா


ஆகஸ்ட் 30

உங்களுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். திட்டத்தான் உட்கார்ந்தேன். தாளை எடுத்து வைத்து ஒரு வாரம் ஆகிறது.

வேலைக்குப் போகிறேன். போகாமல் வீட்டில் இருந்தால் அவள் செருப்பு வாசலில் கிடக்கிறது. நேற்று ஒரு தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் எழுதத் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். "கோளாறுன்னு எழுதாதீங்கம்மா, வேற ஏதாவது வார்த்தை போடுங்க, பையனுக்குக் கல்யாணம் காட்சி எல்லாம் ஆகணும்" என்றார். வழக்கமாக அவருக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொல்வேன். பேனாவை மூடிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்தான் பார்த்துக்கொண்டார்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் சாகிறவரை போகாது. அதில் சந்தேகம் வேண்டாம். லேபுக்குப் போவதும் போகாததும் உங்கள் பாடு. இனி எனக்கு எழுதவும் வேண்டாம். நமக்குள் எழுதிக்கொள்ள இருந்தது அவள் விஷயம் மட்டும்தான்.

ஆனால் நீங்கள் எழுதிய அளவுக்கு நானும் எழுதிவிட வேண்டும்.

அந்த மருத்துவ அறையின் போன் நம்பர் ஜூன் மாதத்திலிருந்தே என்னிடம் இருந்தது. படிவத்தின் தலையில் அச்சடித்திருந்ததை நான்தான் டைரியில் குறித்துக்கொண்டேன். படிவத்தை மாற்றியதாக உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். "என் பொண்ணுக்கு இருமுனைக் கோளாறு, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அந்த நர்ஸிடம் ஒரு வார்த்தை. அரை நிமிஷம் ஆகியிருக்காது. நம்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. பாப்பா என்னிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வைத்த பிறகும் உங்களுக்குத்தான் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர மூன்று நாள் ஆகும் என்று தெரிந்தே எழுதினேன்.

ஏன் கூப்பிடவில்லை என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. நீங்கள் நீக்கிய வார்த்தையை நீங்களே போய், உங்கள் கையாலேயே திரும்ப எழுத வேண்டும் என்று இருந்தேன். செய்தது தப்பு என்று உங்கள் வாயால் ஒரு தடவை வர வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இப்போது வந்துவிட்டது.

பாப்பாவின் அம்மா