காக்கி ஃப்ராக்

வல்லக்கோட்டை,
15.9.2024

அன்புள்ள ஜோயல் அண்ணனுக்கு,

ஷாரோன் எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் போயிருக்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்லவில்லை. ஏனென்றால் அம்மா உன் மேல் கடும் கோபத்தில் இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "ரொம்ப நாள் தேடிய ஃப்ராக் ஒன்று போன வாரம் கிடைத்தது. காக்கி. கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆனாலும் அத்தனை அழகு. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். இதனால் ஒரு நல்ல சேதியும் வரப்போகிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"இன்னாடி வாசிச்ச? இன்னொரு வாட்டி வாசி."

வாசித்தேன்.

"எந்தப் பொண்ணோட ஃப்ராக்க எடுத்து எடுத்துப் பாத்துகினு கீறான் இவன்? நல்ல சேதி வேற வருதாமா?"

குழந்தைகள் போடுவதும் ஃப்ராக்தான் அம்மா என்று நான் சமாதானம் சொன்னேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"ஐயோ மாதாவே! துப்பாக்கியே இல்லாம துப்பாக்கிக்கு எண்ணெய்ப் புட்டி வாங்கி வெச்சான். கல்யாணமே ஆவாம தொட்டில் வாங்கினா மாதிரி கீதேன்னு அப்பவே சொன்னேன். இப்ப தொட்டிலுக்கு ஆளே வந்துட்ச்சி!"

போனில் கேட்கக் கூடாதாம். ஒற்றைச் சுவர் வீடு, பக்கத்து வீட்டில் காதில் விழுந்துவிடுமாம். அதனால்தான் போன ஞாயிறு நீ பேசியபோது "ம், சரி, வெச்சிடு" என்றாள். நானும் போனில் பேசுகிறவள் இல்லை. ஸ்கூலை விட்டபோது, எழுத்தாவது மறக்காமல் இருக்கட்டும், மாதம் ஒரு கடிதம் எழுது என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல். பழைய ராணுவத் துப்பாக்கிகளின் துணைச் சாமான்களை நீ சேர்ப்பது தெரியும். எண்ணெய்ப் புட்டி, தோளில் மாட்டும் வார், குழாய் துடைக்கும் கயிறு. இதற்கு நடுவில் ஃப்ராக் எங்கிருந்து வந்தது? அண்ணி பெயர் என்ன?

அன்னபுஷ்பம் அக்காவின் தையல் யூனிட்டில் எனக்குச் சீட் கவர் வேலை இருக்கிறது. ஊசி இரண்டு முறை உடைந்தது. விரல் உடையவில்லை.

பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
ஷாரோன்


சாகன், புணே
29.9.2024

அன்பு பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை கேன்டீனில் வைத்து வாசித்தேன். சிரித்த சிரிப்பில் சாம்பார் மூக்கில் ஏறிவிட்டது. அம்மாவிடம் சொல், எனக்குக் குடும்பமும் இல்லை, குழந்தையும் இல்லை. தப்பு நம் எழுத்தின் மேல். இது ஆங்கிலத்தில் தவளையைக் குறிக்கிற வார்த்தை. பெண் பிள்ளைகள் போடும் கவுனுக்கு வேறு வார்த்தை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே ஃப்ராக் ஆகிவிடுகிறது.

துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக்கத்தி இருக்கிறதே, அதை உறையோடு இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட ஒரு பட்டைப் பை உண்டு. அதற்குத்தான் தவளை என்று பெயர். ஏன் என்று கேட்காதே, யாரும் சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். கத்தி வைத்திருந்தாலும் கேள்வி வரும். பைக்கு யாரும் ஒன்றும் கேட்பதில்லை. என்னைப் போன்றவன் சேர்ப்பது அதனால்தான் இப்படிச் சின்னச் சாமான்களாக இருக்கிறது.

படம் வைத்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பின்பக்கம் அந்தக் கால ராணுவச் சாமான்களில் இருக்கும் அம்புக்குறியும் 1942 என்று முத்திரையும் இருக்கின்றன. மூக்கருகே கொண்டுபோனால் எண்பது வருஷத்துப் பழைய வாசனை அடிக்கிறது. ஆனால் விசேஷம் தையலில்தான். பெல்ட் நுழையும் வளையத்தின் மூலையைப் பார். கட்டம் தைத்து அதற்குள் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. அது எல்லாவற்றிலும் இருப்பது. இதில் மட்டும் கட்டத்துக்கு வெளியே மூன்று தையல் நீண்டு ஒரு வால் மாதிரி நிற்கிறது. எந்தப் புத்தகத்திலும் இந்த வால் இல்லை பாப்பா! போர் நேரத்தில் அவசரமாக வேலை கொடுத்த ஏதோ ஒரு சின்னத் தையல் கூடம் என்று நான் நினைக்கிறேன். யாரோ ஒரு தையல்காரர், ராணுவமே வந்து நின்றாலும் தன் கைப்பழக்கத்தை விடாதவர்.

நல்ல சேதி இதுதான். பழைய ராணுவச் சாமான் சேர்ப்பவர்கள் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன், நவம்பர் 24 ஞாயிறு அதன் கண்காட்சி. குழுவில் எல்லாரும் பெரிய ஆட்கள். ஐடிஐ முடித்துவிட்டு, கார் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் நிற்பவன் நான் ஒருத்தன். இதுவரை நாற்காலி போட்டிருக்கிறேன், மேசைக்குத் துணி விரித்திருக்கிறேன். தலைவர் காசிராஜன் சார் ராணுவத்தில் இருந்தவர், தமிழர். அவர் இந்த வாலைப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி உனக்கு ஒரு மேசைடா" என்றார். மேலே ஓர் அட்டை வைப்பார்கள். அதில் "அடையாளம் கண்டவர்: யே. ஜோயல்" என்று அச்சடித்திருக்கும். என் பெயரை அச்சில் நான் பார்த்தது சர்டிபிகேட்டிலும் ஆதார் கார்டிலும் மட்டும்தான்.

அண்ணி கிடைத்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
ஜோயல்


வல்லக்கோட்டை,
13.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதமும் படமும் வந்தன. அம்மாவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "தவளையா? தவளைக்கு இன்னாத்துக்குக் காக்கில பை?" என்று கேட்டுவிட்டு, உனக்கு அனுப்பக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். பார்சலில் நாறாமல் எப்படிக் கட்டுவது என்று தெரு முழுக்க யோசனை கேட்டாகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். படத்தில் முன்பக்கம்தான் தெரிகிறது. பின்பக்க முத்திரையில், 1942இல் 2 என்ற எண்ணின் அடியில் வரும் கோடு முழுசாக இருக்கிறதா, பாதிதான் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன். மறக்காமல் எழுது.

இங்கே மழை. யூனிட்டில் மெஷின் மேல் ஓடு ஒழுகுகிறது.

அன்புடன்,
ஷாரோன்


சாகன்,
24.10.2024

என் கெட்டிக்காரத் தங்கைக்கு,

உனக்கு எப்படித் தெரிந்தது? பாதிதான் இருக்கிறது! இரண்டின் அடிக்கோட்டில் வலது பக்கம் உடைந்திருக்கிறது. காசிராஜன் சாரிடம் உன் கேள்வியைச் சொன்னேன். "வாலு நூலைப் பாக்காம முத்திரையைப் பாத்துக் கேட்டிருக்கா பாரு, அந்தப் பொண்ணுக்கு இது ரத்தத்துல இருக்குடா" என்றார். எந்தப் புத்தகத்தில் படித்தாய்?

அட்டை அச்சுக்குப் போகப் போகிறது. கருவாடு நல்லபடியாக வந்தது. அறையில் இருந்த இரண்டு பேர் வேறு அறைக்குப் போய்விட்டார்கள்.

ஜோயல்


வல்லக்கோட்டை,
1.11.2024

அண்ணா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையைத் தைத்தது நான்.

புத்தகம் எதுவும் படிக்கவில்லை. போன வருஷம் சென்னையிலிருந்து ஒருத்தர் அன்னபுஷ்பம் அக்காவிடம் வந்தார். சினிமா ஷூட்டிங்குக்கு என்று காக்கிப் பட்டை ரோல் ரோலாக இறக்கினார். நாங்கள் அதைக் கத்திப் பை என்றுதான் சொல்வோம். அதற்கு ஃப்ராக் என்று ஒரு பெயர் இருப்பது உன் கடிதம் வராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. படம் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அந்த வால் என்னுடையது. கட்டத்தை முடித்ததும் நூல் பிரிந்துவிடுமோ என்று எனக்கு ஒரு பயம். வெளியே மூன்று தையல் ஓட்டித்தான் கையை எடுப்பேன். "சீட் கவருக்கு எதுக்குடி வாலு? வண்டி ஓடறப்ப ஆட்டறதுக்கா?" என்று அக்கா இன்றைக்கும் திட்டுகிறார். முத்திரை குத்தியதும் நான்தான். சென்னைக்காரர் கொடுத்த ரப்பர் முத்திரையை ஒரு நாள் கீழே போட்டுவிட்டேன். அன்றையிலிருந்து இரண்டுக்கு அடிக்கோடு பாதிதான் விழுந்தது. எண்பது வருஷ வாசனை என்று எழுதினாயே, அது டீத்தூள். அண்டாவில் டிகாஷன் போட்டு ஊறவைத்து வாசலில் காயப்போட்டோம். மூன்று நாள் தெருவில் எல்லாரும், "இன்னா, டீக்கடை வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

நீ என்னை நம்ப வேண்டாம். வாலிலிருந்து ஒரு இழை வெட்டித் தீயில் காட்டு. அந்தக் காலத்துப் பருத்தி நூல் என்றால் கருகிச் சாம்பலாகும். எங்கள் நூல் பாலியஸ்டர், உருகி, குன்றிமணி மாதிரி உருண்டுகொள்ளும்.

படம் வந்த அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று எனக்கு நானே சாக்கு வைத்துக்கொண்டேன். உண்மை அது இல்லை. தன் கைப்பழக்கத்தை விடாத தையல்காரர் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்னும் கொஞ்ச நாள் அந்தத் தையல்காரராக இருந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது.

ஆனால் அட்டையில் உன் பெயர் வருகிறது. என்றைக்காவது யாராவது ஒரு இழையைத் தீயில் காட்டினால், அன்றைக்கு உன் பெயருக்குக் கீழே பொய் இருக்கும். வைக்காதே அண்ணா. மேசை போனாலும் போகட்டும். அந்த மேசை உனக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் தங்கை,
ஷாரோன்


வல்லக்கோட்டை,
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போன ஞாயிறு போனில் அம்மாவிடம் "சாப்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்குள்ள இன்னா சண்ட?" என்கிறாள். ஒன்றுமில்லை என்றேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. "சினிமாக்காரன்னுதானே சொன்னான் அந்தாளு? மேரி மாதா மேல சத்தியம், எனக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்று அழுதுவிட்டார். முத்திரையை எடுத்து அடுப்பில் போட்டார். ரப்பர் நாற்றத்தில் யூனிட்டே காலியாகி ரோட்டில் நின்றது. அந்த ஆள் மறுபடி போன் செய்து இன்னொரு ஆர்டர் கேட்டார். "தெச்சுத் தரேன். வருஷம் போட மாட்டேன். டீயும் போட மாட்டேன்" என்றார் அக்கா. அப்புறம் அந்த ஆளிடமிருந்து போன் வரவில்லை.

வரும் ஞாயிறு கண்காட்சி. நீ அந்தப் பையை வைத்தாலும் வைக்காவிட்டாலும் நீ என் அண்ணன்தான். பூசையில் உனக்காக வேண்டிக்கொள்வேன். எதற்காக வேண்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஷாரோன்


சாகன், புணே
1.12.2024

அன்பு பாப்பாவுக்கு,

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். முதல் வாரம் இருந்தது. இழையைத் தீயில் காட்டினேன். நீ சொன்ன மாதிரியே உருண்டுகொண்டது. அந்தக் குன்றிமணியைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகும் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இங்கே யாருக்குத் தெரியப் போகிறது? அட்டையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். அதை அம்மாவுக்கு யார் வாசித்துக் காட்டுவது? நீதான். "அடையாளம் கண்டவர்: யே. ஜோயல்" என்று நீ வாசிக்கும் குரலை நினைத்துப் பார்த்தேன். அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால் காசிராஜன் சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். நான் வாங்கிய அதே பழைய சாமான் மார்க்கெட்டில் அவரும் வாங்கியது. அதிலும் உன் வால் இருக்கிறது. "ஏன்டா, உன் தங்கச்சி என்னையும் கவுத்துட்டாளே" என்று சிரிக்கப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குழுவில் ஒருத்தர், இதற்குத்தான் கண்டவனையும் மேசையில் உட்கார வைக்கக் கூடாது என்று இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது என்று நினைத்துவிட்டார்.

மேசை கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டேன், துணி விரித்தேன், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மாலையில் மடக்கி அடுக்கிவிட்டு வந்தேன். வலித்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சார் சொன்னார். பார்ப்பாரா என்று தெரியாது.

பையைப் பெட்டியில் வைத்திருக்க மனம் வரவில்லை, தூக்கிப்போடவும் கை வரவில்லை. இரண்டு நாளாக இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். கத்திக்குப் பதில் டார்ச் நிற்கிறது. அசையவே இல்லை, அவ்வளவு கச்சிதம். நேற்று சூப்பர்வைசர் தொட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி என்று கேட்டார். கம்பெனி இல்லை சார், ஒரகடம் பக்கம் எங்கள் ஊர், என் தங்கை ஷாரோன் தைத்தது, போன வருஷம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்தப் பொருளை நான் சரியாக அடையாளம் சொன்னது அப்போதுதான்.

அவருக்கும் ஒன்று வேண்டுமாம். ஆள் தொப்பை உள்ளவர், பெல்ட்டும் அகலம். வளையத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்துத் தைத்து அனுப்பு.

உன் அண்ணன்,
ஜோயல்