இரண்டாவது தாளில் போட்ட சிலுவை

சாந்தா ரீத்தா மேடு, கலிபோர்னியா
1921 அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கியது

அன்பு மகன் அமாரோவுக்கு,

அப்பா ஜாசிந்தோ தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் பதினாறு பசுக்களும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறோம், நீயும் நியூ பெட்ஃபோர்டில் அந்தத் துணி மில்லின் பஞ்சுத் தூசியிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பால் கறக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். எழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். இது லவுரிந்தாவின் எழுத்து இல்லை, கோழி கிளறினது போல இருக்கிற இது என் எழுத்து. அறுபத்தேழு வயதில் உன் அப்பன் எழுதுகிறான் மகனே! காலையில் கறவை முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு உட்காருகிறேன், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பக்கம் வரும், அதற்குள் விரல் மரத்துவிடும். ஆனால் என்ன சந்தோஷம் தெரியுமா, தீவன மூட்டையில் எழுதியிருப்பதை வாசிக்கிறேன், உப்பு டப்பாவை வாசிக்கிறேன், கோயிலில் உன் தாத்தா பெயரைப் போட்டிருக்கிற பலகையை இத்தனை வருஷம் கழித்து வாசித்தேன், அதில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஈ செத்து ஒட்டியிருந்தது, அதையும் சுரண்டி எடுத்தேன். உனக்கு ஞானத்தகப்பன் என்பதால் என்னைக் கொம்பாத்ரே என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிற செஃபெரினோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார், "எங்க கொம்பாத்ரே இப்பல்லாம் மாட்டுக்கே பேப்பர் வாசிச்சுக் காட்டுறாரு, அதுங்களும் விலைவாசி தெரிஞ்சிக்கிட்டு பாலைக் குறைச்சிடுச்சுங்க" என்று. நானும் சிரிக்கிறேன். ஆனால் அவர் சிரிக்கும்போது எனக்குள் ஒன்று கூசுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இத்தனை நாள் சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியவள் செஃபெரினோவின் மகள் லவுரிந்தா. அவள் கையால் எழுத முடியாத விஷயம் இது.

உனக்கு நினைவிருக்கும், இரண்டு வருஷத்துக்கு முன் நாம் நிலக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பாசன வட்டம் அமைக்க வேண்டும், ஆற்றிலிருந்து நமக்கென்று பொதுக் கால்வாய் வெட்ட வேண்டும், ஏக்கருக்கு இவ்வளவு வரி என்று நாமே கட்டிக்கொள்ளலாம் என்று மனு எழுதினோம். கோயில் கூடத்தில் வைத்து எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், எழுதத் தெரியாத நாங்கள் சிலுவை போட்டோம். நான் சிலுவை போட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கட்டைவிரலை முத்தமிட்டேன். நாங்கள் விட்டு வந்த தீவில் இருந்தபோதே என் அப்பா அப்படித்தான் செய்வார், முத்தமிட்டால் அது சத்தியம். எங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். பிறகு மூன்று வாரம் கழித்து, பொதுக் கால்வாயை விரும்பாத நிலக் கம்பெனியின் ஆள் புரூயிட் ஒரு தாளோடு நம் வீட்டுக்கு வந்தார். அன்று நீ பால் கேன் ஏற்றிக்கொண்டு போயிருந்தாய், அம்மா திருவிழா ரொட்டி பிசையக் கோயிலுக்குப் போயிருந்தாள். அந்தத் தாளிலும் நான் சிலுவை போட்டேன், என் நாற்பது ஏக்கரை வட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்று. கவுண்டி சபை எல்லைக் கோடு போடும்போது நம் வேலியோடு நிறுத்திவிட்டது. கால்வாய் நம் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆகவே நமக்குப் பின்னால் இருந்த செஃபெரினோவும் மற்ற மூன்று குடும்பமும் வெளியே நின்றுபோனார்கள்.

ஊர் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? ஒன்றும் சொல்லவில்லை. செஃபெரினோதான் எனக்காகச் சொன்னார். "ஜாசிந்தோ சிலுவை போட்டு முத்தங் குடுத்தவரு. அதுக்கு எதிரா இன்னொரு சிலுவை தெரிஞ்சே போடுவாரா? எழுத்தறியாத மனுசன்னு அந்தக் கம்பெனிக்காரன் ஏமாத்திப்புட்டான்" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததை அவர்கள் வெட்கம் என்று நினைத்தார்கள். மறுநாள் நீ பால் நிலையத்தின் மேடையில் கேன் மூடியால் புரூயிட்டின் கையை உடைத்தாய். ஷெரிப் வருவதற்குள் உன்னை ரயிலேற்றி அனுப்பினோம். ஸ்டேஷனில் நீ என்னைக் கட்டிக்கொண்டு, "விடுங்கப்பா, நீங்க கவலப்படாதீங்க, உங்ககிட்ட திருடினவன் இனி யார்கிட்டயும் திருட மாட்டான்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ரயில் வந்துவிட்டது.

அமாரோ, புரூயிட் என்னை ஏமாற்றவில்லை. பால் நிலையத்தில் கணக்கெழுதிய தோமேயைக் கூட்டி வந்திருந்தார், தோமே நம் பாஷையில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தெளிவாகச் சொன்னான். வட்டத்தில் சேராவிட்டால் வரி இல்லை, கம்பெனியின் பழைய வாய்க்கால் நம் வடக்கு மூலையைத் தொட்டுப் போகிறதே, அதில் எப்போதும் போல உனக்குத் தண்ணீர் விடுவோம், இனி காசு வேண்டாம் என்கிறார் என்றான். பின்னால் இருக்கிறவர்கள் கதி என்ன என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் என்னைக் குத்துகிறது. "அவங்க கிணத்த நம்பிக்க வேண்டியதுதான், அது உங்க தலைவலி இல்லையாம்" என்றான். எனக்கு அந்த வருஷம் வரியை நினைத்துப் பயம், உன் கல்யாணத்தை நினைத்துப் பயம், அதற்கும் மேல் ஒரு சின்ன சந்தோஷம், எனக்கு மட்டும் தண்ணீர் இலவசமாக வரும் என்று. போட்டேன். பேனாவை வைத்ததும் தோமே, "என்ன பெரியவரே, முத்தங் குடுக்கலையா?" என்று கேட்டான். "வாயெல்லாம் புகையிலை" என்றேன். அதில் சிலுவை மட்டும்தான், முத்தம் இல்லை. சத்தியம் ஆகாது என்று எனக்கு நானே ஏதோ கணக்குப் பண்ணிக்கொண்டேன் போலிருக்கிறது. ஆண்டவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதா. தோமேயும் அந்தக் குளிரில் காய்ச்சலில் போய்விட்டான், சாட்சி யாரும் இல்லை, நான் பேசாமலே இருந்துவிட்டேன்.

இந்த இரண்டு கோடையிலும் வேலிக்கு இந்தப் பக்கம் நம் குதிரைமசால் தீவனம் பச்சையாக நின்றது, அந்தப் பக்கம் செஃபெரினோவுடையது துடைப்பமாகக் கருகியது. அவர் கிணறு ஆகஸ்ட் மாதத்தில் சேறாகிவிடுகிறது. முப்பது பசு வைத்திருந்தவர், இப்போது பதினொன்று. அவர் மனைவி பெல்மீரா என்னிடம், "உங்கள ஏமாத்துனதுக்கு அந்தக் கம்பெனி இந்தத் தண்ணியாவது குடுக்குதே, நல்லா பாச்சிக்குங்கண்ணே" என்றாள். மனசாரச் சொன்னாள். அந்த வார்த்தைக்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். லவுரிந்தாவோ ஸ்லேட்டோடு வந்து நின்றாள், "மாமா, இனிமே உங்கள யாரும் ஏமாத்தக் கூடாது, நான் சொல்லித் தரேன், வாங்க" என்று. நான் ஏமாந்தவன் என்று நம்பித்தான் அவள் எனக்கு எழுத்துக் கொடுத்தாள். அந்த எழுத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சந்தோஷமாகவும் இருக்கிறது, திருட்டுச் சாமானைக் கையில் வைத்திருப்பது போலவும் இருக்கிறது.

வருகிற 13ஆம் தேதி வியாழக்கிழமை கவுண்டி சபையில் விசாரணை. விடுபட்ட ஐந்து நிலத்தையும் வட்டத்தில் சேர்க்கச் சொல்லிச் செஃபெரினோ புது மனு போட்டிருக்கிறார். நான் எழுந்து நின்று, எழுதப் படிக்கத் தெரியாத என்னைப் புரூயிட் ஏமாற்றிச் சிலுவை வாங்கினார் என்று சத்தியம் செய்தால் பழைய தாள் செல்லாமல் போய்விடும், நிலமெல்லாம் உள்ளே வந்துவிடும் என்று செஃபெரினோ சொல்கிறார். லவுரிந்தா அதை அழகாக எழுதி வைத்திருக்கிறாள். பொய்யைச் சொன்னால் நான்கு குடும்பத்துக்குத் தண்ணீர், நிஜத்தைச் சொன்னால் தெரிந்துதானே போட்டாய், போ என்று சபை அனுப்பிவிடும் என்று பயம். புரூயிட்டுக்கோ வேலை போகும், அதோடு நிற்காது, ஜெயிலும் வரும் என்கிறார்கள்.

அக்டோபர் 8. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சூப்புக்குக் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவே இல்லை. எல்லாம் கேட்டு முடித்து, "அப்போ என் பிள்ளைய ரயிலேத்துனது நீங்கதான்" என்றாள். அவ்வளவுதான். எனக்குத் தட்டு வைத்தாள், அவள் உட்காரவில்லை. இன்று காலை மட்டும், "போயி உள்ளதச் சொல்லுங்க. தண்ணி வந்தா வரட்டும், வராட்டி நம்ம வாய்க்கால மண்ணப் போட்டுத் தூத்துடலாம்" என்றாள். தேதி போடக் கற்றுக்கொண்டேன், பார்த்தாயா, இரண்டு தேதி போட்டுவிட்டேன் இந்தக் கடிதத்தில்.

அக்டோபர் 15. விசாரணை முடிந்துவிட்டது, உனக்கு வரிசையாகச் சொல்கிறேன். செஃபெரினோவின் ஃபோர்டு வண்டியில் போனோம். வழியெல்லாம் அவர் எனக்குத் தைரியம் சொன்னார், "பயப்படாதீங்க கொம்பாத்ரே, கண்ணுல ரெண்டு சொட்டு விட்டீங்கன்னா போதும், சபையே உருகிடும்" என்று. மொழிபெயர்ப்புக்கு லவுரிந்தா என் பக்கத்தில் நின்றாள். எதிரே புரூயிட் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்ற இடது கையைத் தூக்கினார், அது பாதிக்கு மேல் வரவில்லை, வலது கையால் கழற்றினார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் சொன்னேன், என்னை யாரும் ஏமாற்றவில்லை, தாளில் இருந்ததை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சிலுவை போட்டேன், தண்ணீருக்கு ஆசைப்பட்டேன், பிறகு சொல்லப் பயந்தேன் என்று. லவுரிந்தா என்னைப் பார்த்தாள். கையில் அவள் எழுதி வைத்த காகிதம் இருந்தது. "மாமா, என்ன சொல்றீங்க?" என்றாள் மெதுவாக. "சொன்னபடியே சொல்லும்மா" என்றேன். அந்தப் பெண் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, தன் அப்பாவைப் பார்க்காமல், எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். ஒரு வார்த்தையை விடவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் சொன்ன நேரத்தைவிட அதிக நேரம் ஆனது.

சபைத் தலைவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இப்போது உன் நிலத்தை வட்டத்தில் சேர்க்கச் சம்மதமா என்று. சம்மதம் என்றேன். கால்வாய் உன் நடு நிலத்தில் போகுமே என்றார். போகட்டும் என்றேன். அப்படியானால் பழைய தாள் எப்படி வாங்கினது என்பது எங்களுக்குத் தேவையில்லை, நிலக்காரன் கேட்டால் போதும், கையெழுத்துப் போடு என்றார். அவ்வளவுதான் மகனே. இரண்டு வருஷமாக நான் சுமந்த பொய் அங்கே தேவையே படவில்லை. முதல் கோடையிலேயே நான் போய்க் கேட்டிருந்தால் போதும். செஃபெரினோவின் பத்தொன்பது பசு, அவர் கிணற்றுச் சேறு, நீ, எல்லாம் சும்மாவே போனது. நான் பெயரை எழுதினேன், ஐந்து நிலமும் உள்ளே வந்தது.

வெளியே புரூயிட் என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் லவுரிந்தாவைப் பார்த்து ஏதோ சொன்னார். "உங்க பையனுக்கு எழுதச் சொல்றாரு மாமா. நான் திருடன் இல்லன்னு அவன்கிட்ட எழுதுங்க, அத அவன் தெரிஞ்சிக்கணும்கறாரு" என்றாள். ஷெரிப்பிடம் கொடுத்த புகாரைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் ஏது. நம் வாசலில் இறங்கும்போது செஃபெரினோ என் முகத்தைப் பார்க்காமல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டே, "நீ எழுதப் படிக்கத் தெரியாதவனாவே இருந்திருக்கலாம்" என்றார். கொம்பாத்ரே என்று சொல்லவில்லை. நீங்கள் என்ற மரியாதையும் போடவில்லை, நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

அக்டோபர் 20. இன்று காலை கடைசிப் பசுவைக் கறக்கும்போது சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் செஃபெரினோ நம் வேலிக் கம்பியை அவிழ்த்து உள்ளே வந்து, அளவுக்காரர்கள் போட்ட குறிப்படி கால்வாய் போகும் வழிக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருக்கிறார். நேராக நம் குதிரைமசாலின் நடுவில், அம்மாவின் கீரைப் பாத்தி வழியாக, அத்தி மரத்துக்கு ஒரு முழம் தள்ளி. என்னிடம் கேட்கவில்லை. நான் போய் நின்றேன். அடுத்த குச்சியை மண்ணில் வைத்துவிட்டு, "புடி" என்றார். பிடித்தேன். மதியம் வரை அவர் அடித்தார், நான் பிடித்தேன். சுத்தியல் என் விரல் மேல் விழலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன், ஒரு தடவையும் விழவில்லை. பெல்மீரா ரொட்டி அனுப்பவில்லை. நாளையும் வருவார் என்று நினைக்கிறேன், இன்னும் முப்பது குச்சி இருக்கிறது.

மகனே, உன்னை வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை, புகாரும் அப்படியே இருக்கிறது. அம்மாதான் வாசலைப் பார்க்கிறாள். நீ என்மேல் கோபப்பட்டு இரண்டு மாதம் எழுதாவிட்டாலும் எழுதாதே, ஆனால் ஒன்று செய், புரூயிட்டுக்கு உன் கையால் நாலு வரி எழுது, கையை உடைத்ததற்கு. என் பெயரைச் சாக்குச் சொல்லி எழுதாதே. மில்லில் ஜன்னலோரமாக நிற்க இடம் கேள், கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, ஞாயிறு பூசையை விடாதே. மேரி மாதாவும் பரிசுத்த ஆவியும் உன்னைக் காக்கட்டும், உன் அம்மாவின் ஆசீரும், வாங்கிக்கொள்வாயானால் என் ஆசீரும். பதில் எழுதினால் எழுத்தைப் பெரிதாக எழுது, இனி நானே வாசிப்பேன், யாரும் நடுவில் இல்லை.

கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன், இனி தெரியாமல் போட்டேன் என்று நான் சொல்ல முடியாது. பெயருக்குப் பக்கத்தில் பழைய வழக்கப்படி சிலுவையும் போட்டுவிட்டேன். முத்தமிட்டேன். வாயைக் கழுவிவிட்டுத்தான்.

உன் அப்பா
ஜாசிந்தோ வியெய்ரா +