எண்பத்தாறுலயே நின்ன முளை

நவ. 4, திங்கள்
விடியக்காலையில இருந்து மழை. பின்பக்கம் வந்து நின்னவங்க: கௌரி மிஸ் (யாழ்ப்பாணம், கம்பஸ்ல மலை, மண் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க), அவங்க டிரைவர், கிராம சேவகர் (இனி கி.சே.), என் மகன் செல்வராசு, மருமக மல்லிகா, நாத்தனார் ராசம்மா, அவ ஆடு, நான். எழுதி வெக்கிறேன். பொறவு ஒருத்தரும் எனக்குத் தெரியாது, நான் அங்க இல்லன்னு சொல்லக் கூடாது.

லயத்துக்கு, எங்க ஆறு காம்பரா வரிசை வீட்டுக்கு, பின்னால நிலத்துல வெடிப்பு. ராசம்மா காம்பராவுல இருந்து என் அடுப்படி வரைக்கும். கை நுழையுது. கி.சே. சிங்களத்துல 'நாயயாம'ன்னாரு, மிஸ் மண்சரிவுன்னாங்க. எங்களுக்கு மலை இறங்குறது.

ரெண்டு இரும்பு முளை அடிச்சாங்க. ஒண்ணு வெடிப்புக்கு மேல, ஒண்ணு கீழ. கீழ்முளையில பச்சைக் குறி, என் அடுப்படியப் பார்த்து. நடுவுல 82 செ.மீ. வெடிப்பு வாய் திறந்தா எண் கூடும்.

"காலமை காலமை அளந்து எழுதுங்கோ அம்மா. ஒரு நாளில ரெண்டு கூடினா உடன எனக்குப் போன்ல கோல் எடுங்கோ. ஆக்கள வெளியேத்தீட்டுத்தான் மற்ற வேலை."

அளக்க டேப்பும் எழுத இந்தக் கொப்பியும் என் கையில தந்தாங்க. மூணாம் வகுப்பு படிச்சவகிட்ட இதை ஏன் குடுக்குறீங்கன்னு மகன் கேட்டான். கேட்டது நல்லா காதுல விழுந்துச்சு.

எட்டு வயசுல மேல்கணக்குல, அதான் தோட்டத்து மேல் பக்கத்துல, மலை இறங்கினதப் பார்த்தவ நான். அன்னைக்குக் காலையில பீலித் தண்ணி, நாங்க குடம் புடிக்கிற மலைத் தண்ணி, தேத்தண்ணி நிறத்துல வந்துச்சு. சொன்னேன். மிஸ் தலையாட்டினாங்க. கொப்பியில போடுங்கன்னேன். அதுக்குக் கட்டம் இல்லையாம். தேதி, மழை, எண். மூணே கட்டம்.

கொப்பியோட முன்பக்கம் அவங்களுக்கு. பின்பக்கம் எனக்கு.

நவ. 6, புதன்
83. மழை. முழங்கால் வலி. ராசம்மா ஆடு என் கீரைய மேஞ்சிருச்சு. அவகூடப் பேச்சில்லாம பத்தொம்பது வருசம். பலாமரம் அவ அண்ணன், அதான் என் புருசன், வெச்சது. பழம் மட்டும் அவளுக்காம்.

நவ. 9, சனி
நேத்து 85. இன்னைக்கு 86. ஒண்ணுதான் கூடிச்சு, கோல் எடுக்கல.

நாளைக்குப் பேத்தி பெரிய மனுசியானதுக்குத் தண்ணி ஊத்துற சடங்கு. முன்னால ரோட்டு, அதனால பந்தல் பின்பக்கம். மண் போட்டு மட்டம் பண்ணிச் சாணம் மெழுகணும்னு செல்வராசு நிக்கிறான். முளையத் தொடாதேன்னேன். "தெரியும்மா, தெரியும்மா." ரெண்டு தரம் சொன்னான். ரெண்டு தரம் சொல்றவன நம்பக் கூடாது.

வாங்க வேண்டியது: மஞ்சள், வாழையிலை, கற்பூரம், வெல்லம்.

நவ. 10, ஞாயிறு
சடங்கு. யட்டியாந்தோட்டையில இருந்து மட்டும் ரெண்டு வேன் சனம். புள்ளை சேலையில நின்னப்போ என் ஆத்தா மாதிரியே இருந்தா. ராசம்மாவும் வந்தா. சாப்பிட்டா. பாயசத்துல இனிப்புக் கம்மின்னு மல்லிகாகிட்டச் சொன்னாளாம். அளக்கல, பந்தல்ல அவ்வளவு கூட்டம்.

நவ. 12, செவ்வாய்
நேத்து 86. இன்னைக்கும் 86. மழையோ ஊத்துது. என்ன கணக்கு இது?

சாணம் மெழுகினதுல வெடிப்பு தெரியல. முளை ரெண்டும் மேல் திட்டுப் பக்கம் ஏறி நிக்கிற மாதிரி இருக்கு. மண்ண மட்டம் பண்ணினதால அப்படித் தெரியுதாம், மகன் சொல்றான். பச்சைக் குறி அடுப்படியப் பார்த்துல்ல இருந்துச்சு? இப்ப மலையப் பார்க்குது. கண்ணு மங்கினாலும் எனக்கு ஞாபகம் மங்கல.

முளைய யாரு தொட்டீங்கன்னு சோறு போடுறப்போ கேட்டேன். மல்லிகா தட்டையே பார்த்தா. செல்வராசு சொன்னான், "அத்தை ஆட்டக் கட்டியிருப்பாங்க."

நேரா பீலிக்குப் போனேன். பத்தொம்பது வருசத்துக்கு அப்புறம் அவகிட்டப் பேசினது அதுதான், அத்தனையும் ஏச்சு. ராசம்மா குடத்தத் தூக்கிட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா. குத்தம் செஞ்சவதானே பேசாமப் போவான்னு நெனச்சேன்.

மிஸ்ஸுக்குக் கோல். குறி திரும்பியிருக்குன்னேன். முளை கழண்டதோன்னு கேட்டாங்க. மகன் போனை வாங்கி, "இல்ல மிஸ், ஆடு முட்டினது, முளை அசையல" ன்னான். மிஸ்ஸுக்கு, எண் நிண்டுட்டுது எண்டா நல்லம்தானாம். நாங்க போய் இருக்கப் பள்ளிக்கூடத்தத் திறந்து வெக்கிறேன்னு சொல்லியிருந்த கி.சே.யும் தேவையில்லன்னுட்டாரு. எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் எரிச்சல்.

நவ. 14, வியாழன்
பள்ளிக்கூடத்து வாங்குல உக்காந்து எழுதுறேன்.

காலையில 86. கொப்பியில எழுதிட்டுப் பீலிக்குப் போனா, தண்ணி தேத்தண்ணி நிறம். குடத்த அங்கயே போட்டேன். ஆறு காம்பராவையும் தட்டினேன். செல்வராசு, எண்தான் கூடலையேம்மான்னான். எண்ண நீ தூக்கிட்டு வா, நான் பேத்திய இழுத்துட்டுப் போறேன்னேன். எல்லாரும் வந்தாங்க, ராசம்மாவத் தவிர. மல்லிகாவ அனுப்பினேன். "மதினி வந்து கூப்பிட்டா வாறேன்" னாளாம்.

போனேன். கட்டில்ல உக்காந்திருக்கா.

"எந்திரி."

"முளைய நான் புடுங்கினேன்னு இன்னும் சொல்றியா?"

"வெளிய வந்து சண்டை போடு."

"சொல்றியா இல்லையா?"

"இப்ப சொல்லல. எந்திரி, ராசம்மா."

பேரச் சொன்னதும் எந்திரிச்சா. மழைன்னு ஆட்ட உள்ளுக்குள்ள கட்டியிருந்தா. அவுக்க நேரமில்ல. கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

பதினொரு மணி போல, பத்து லொறி ஒண்ணா மண் கொட்டின சத்தம். அவ பக்கத்து மூணு காம்பரா இல்ல. பலாமரம் இல்ல. ஆள் அத்தனை பேரும் இருக்கோம். ஆடு இல்ல.

நவ. 15, வெள்ளி
மழை விட்டிருக்கு. மிஸ் வந்தாங்க. மேல் பாதையால சுத்திக் கூட்டிட்டுப் போனாங்க. நான், மகன், மல்லிகா, கி.சே.

கீழ மலை இல்ல. மேல ரெண்டு முளையும் நேரா நிக்குது. மிஸ் டேப் வெச்சாங்க. 86.

"ரெண்டும் வெடிப்புக்கு மேல் பக்கத்திலயே நிக்குது அம்மா. முழு மலை இறங்கினாலும் இது மாறாது."

மல்லிகா அங்கயே உக்காந்து அழுதா. சனிக்கிழமை மண்ண மட்டம் பண்றப்போ அவ புருசன்தான் புடுங்கினாரு, திங்கக்கிழமை நான் எந்திரிக்க முன்ன என் கொப்பியப் பார்த்து, என் டேப்பாலயே அளந்து, 86க்குச் சரியா அடிச்சாருன்னா. வெடிப்பு எங்க இருந்துச்சுன்னு சாணத்துக்குள்ள தெரியலையாம். மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா பந்தல் போட வேணாம்னுருவாங்கன்னு பயந்தேம்மான்னான் அவன்.

பயந்தான், புடுங்கினான். அதக்கூட விட்டிருப்பேன். நான் கேட்டப்போ சொல்லியிருந்தா, செவ்வாக்கிழமையே எல்லாரும் இறங்கியிருப்போம். என் கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே அத்தை ஆடுன்னான். போன்லயும் ஆடுன்னான். ஆடுன்னதும் நானும் நம்பினேன். நம்ப ஆசையா இருந்துச்சு. அது என் பிழை, அதையும் எழுதி வெக்கிறேன்.

பின்னேரம் ராசம்மா பக்கத்துல வந்து உக்காந்தா. "மதினி, வெத்தலை இருக்கா?" குடுத்தேன். ஆட்டப் பத்தி ரெண்டு பேரும் பேசல.

மிஸ் கொப்பியத் திருப்பித் தந்து, தண்ணி நிறத்துக்கு அவங்க கையாலயே ஒரு கட்டம் கீறித் தந்தாங்க. இப்ப.

முதல் திங்கக்கிழமை பின்பக்கம் இருந்தவங்க பேர மறுபடி வாசிச்சேன். மிஸ், போகட்டும். கி.சே., போகட்டும். மல்லிகா பிந்தியாவது சொன்னா. ராசம்மாவோட கணக்கு முடிஞ்சுது.

மன்னிக்க மாட்டாத பேரு ஒண்ணுதான் மிச்சம். செல்வராசு.