ஒரே வரியில் அழுவது எப்படி

மார்ச் 3, செவ்வாய்
இன்னிக்கும் ஊரார் பிழையெல்லாம் என் தலையில். எங்கள் பஸ் டிக்கெட் ஆப்பில் எங்கே கணக்கு பிசகினாலும் அங்கே எழுதிவைத்த அஸெர்ட், அதாவது தப்பு கண்டால் செய்தி போடும் வரி, கத்தும். அதைப் படித்து உரியவரிடம் சேர்க்க ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் உண்டு. அதற்குப் புரியாதது எல்லாம் என் வரிசையில் வந்து நிற்கும். பக்கத்து சீட் சுந்தரேசன் எழுதியிருக்கும் கத்தல்: "அடக்கடவுளே, சீட்டைக் காணோமே! யாராவது பாருங்களேன்!" மெஷின் என்னத்தைப் பார்க்கும், பாவம்?

சனிக்கிழமை ஆம்பூரில் அக்காவுக்கு நிச்சயம். என் வரிசை காலியானால்தான் லீவு என்கிறார் மேனேஜர் பாமா.

மார்ச் 4, புதன்
சட்டம் போட்டுவிட்டேன். கத்துவதானால் ஒரே வரி: இடம், எதிர்பார்த்தது, கிடைத்தது, பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முக்காற்புள்ளி (:).

"அம்மா தாயே தாரணி, அழறதுக்குக்கூட ஃபார்மட்டா?" என்றான் சுந்தரேசன்.

"அழு. ஒரே வரியில அழு."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினான். பாவமாகத்தான் இருந்தது — கொஞ்சம்.

மார்ச் 5, வியாழன்
வரிசை காலி! ஈஜிபுராவில் என் ரூம் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்து வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி
ராத்திரி புது டைம்டேபிள் ஏத்தியிருக்காங்க. காலையில வரிசை வழியுது. எதிர்பார்த்தது 21:30, கிடைத்தது 22:15. நேரத்துக்குள்ளயே முக்காற்புள்ளி! ஸ்கிரிப்ட் அங்கெல்லாம் வெட்டி, ஆள் பேர் இருக்கவேண்டிய இடத்துல 22ன்னு படிச்சிருக்கு. 22ன்னு ஆபீஸ்ல யார் இருக்கா? எல்லாம் எனக்கே. பஸ் ஆப் செய்யறவளுக்கு நேரத்தை எப்படி எழுதுவாங்கன்னு தெரியாதா? லூசு, லூசு!

அக்கா போன். "வந்துடுவல்லடி?" பாக்கறேன்னு சொல்லி வெச்சுட்டேன். பாத்ரூம்ல போய் அழுதேன்.

திரும்பி வந்தால் என் சீட்டில் சுந்தரேசன். "ஒரே வரியிலதானே அழுத?"

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முக்காற்புள்ளியை எடுத்துவிட்டு நெட்டுக்கோடு போட்டிருந்தான். புரியாததெல்லாம் போய்ச் சேரும் பெயரையும் மாற்றியிருந்தான். திங்கள் வரை என் பெயர் இல்லை, அவன் பெயர்.

"பாமா மேடம்கிட்ட சொல்லியாச்சு. கிளம்பு, லேட்டானா சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிப்ப."

மார்ச் 7, சனி
நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. பந்தியில் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. சுந்தரேசன்:

ஆம்பூர் | எதிர்பார்த்தது=போட்டோ | கிடைத்தது=ஒண்ணுமில்ல | பொறுப்பு=தாரணி

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, ஆபீஸ் வேலையா?"

ஆமாம் என்றேன். கை கழுவி, பூவைச் சரிசெய்துகொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அதில் அக்கா இல்லை.