நீ இடம் மாற்றிய நிரல்கள்

என் அன்பு ரெஜினா,

நேற்று தங்கச்சிமடத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். போகிற தைரியம் வர எனக்கு இவ்வளவு நாளாயிற்று. நம் கட்டுரை அச்சில் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டுதான் போனேன்.

ராமநாதபுரத்துக் கல்லூரியில் நாம் போலார் குறியீட்டோடு மல்லுக்கட்டிய நாட்கள் நினைவிருக்கிறதா? வழியில் சிதைந்த செய்தியை மீட்டெடுக்கும் குறியீடு. அதற்கு அடிப்படையாக, எண்களை நிரை நிரலாக அடுக்கிய சிறிய அணிக்குக் கெர்னல் என்று பெயர். நல்ல பெரிய கெர்னலாக எடுத்தால் பிழை குறையும். ஆனால் செய்தியைப் பிரித்தெடுக்கும் கணக்கு எக்கச்சக்கமாக ஏறிவிடும். நான் முதுகுளத்தூர்ப் பிடிவாதக்காரி. பிழை குறைந்தால் போதும் என்று நின்றேன்.

உங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போன பஸ்ஸில்தான் அந்தச் சண்டை.

"அக்கா, நிரல்கள மட்டும் இடம் மாத்திப் பாப்பமே. பிழை திருத்துற பலம் அப்படியே இருக்கும், கணக்கு கொறஞ்சுரும்."

"ஒண்ணும் கொறயாது. பேசாம வாடி."

"போட்டுப் பாக்காமலே சொல்றீகளே!"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உச்சிப்புளியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, பேசாமலே பாதியை என் மடியில் வைத்தாய்.

அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன் மேசையைக் காலி செய்தபோது நோட்டு கிடைத்தது. பென்சிலில் நீ எழுதிய நிரல் வரிசை. போட்டுப் பார்த்தேன். பிழை அளவு இம்மியும் மாறவில்லை. நாள் முழுக்க ஓடும் சோதனை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். யாரிடம் சொல்வது? உன் நாற்காலி காலியாக இருந்தது.

கட்டுரையை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். உன் பெயர்தான் முதலில்.

உன் அப்பா வலையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். "இதுல எம் மக பேரு எங்கன இருக்குத்தா?" காட்டினேன். "அவ சொன்னதுதான்ப்பா சரி. நாந்தான் அன்னைக்குக் கேக்கல, அதட்டிட்டேன்" என்றேன்.

அந்தப் பெயரை விரலால் தடவினார். "அதட்டுனியா? எங்கக்கா மாதிரி கணக்குப் போட ஆளில்லன்னுதான வீட்டுல வந்து சொன்னா."

ஏன்டி அப்படிச் சொன்னாய்?

உன் அம்மா கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வருவேன், ரெஜினா. இந்த வருஷம் மட்டுமல்ல, அவர்கள் இருக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் வருவேன்.

உன் அக்கா,
முத்துமாரி